ஓடக் கூடாது

காஞ்சிபுரம்
21.4.2025

அண்ணாவுக்கு,

தேவிப்ரியா எப்போது பழையபடி ஆவாள் என்று குமாரவேலிடம் கேட்டு அனுப்பியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்டேன், ‘பார்க்கலாம்’ என்றார். பிசியோதெரபி கொடுக்கும் சீனிவாசனைக் கேட்டேன், ‘முட்டியே சொல்லும் மேடம்’ என்றார். தெரியாது என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பெற்ற மகளின் காலைப் பற்றி ஷேர் ஆட்டோக்காரர் மூலம் விசாரிக்கும்படி ஆனதற்கு நீதான் காரணம். போன மாதம் நான் ஃபோனில் பேசியதை ஸ்பீக்கரில் போட்டுக் கோவில் விழாக்குழு முழுவதையும் கேட்க வைத்தாய். “டீச்சரம்மா இன்னாபா இவ்ளோ சூடா இருக்குது” என்று வரதராஜன் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும், அந்தச் சிரிப்பில் உன் சிரிப்பும் இருந்ததும் எனக்கு நன்றாகக் கேட்டது. இனி ஃபோன் கிடையாது. சொல்ல வேண்டியதை எழுதி குமாரவேலிடம் கொடு. தாளை ஸ்பீக்கரில் போட முடியாது.

நிலவரம் இதுதான். வாலிபாலில் எகிறி இறங்கியபோது அவள் முட்டிக்குள் குருத்தெலும்பு பெயர்ந்து போனது. அந்த இடத்தில், அவள் காலிலிருந்தே துளி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்ததை ஜனவரியில் வைத்தார்கள். அது இன்னும் இளசு. ஊன்றுகோலை விட்டுவிட்டாள். சமதரையில் நன்றாக நடக்கிறாள். படி இறங்கும்போது மட்டும் கைப்பிடி வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் ஆன காலின் தொடை மற்றதைவிட மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஓட்டமும் குதியும் ஆவணிக்குப் பிறகுதான். நவம்பரில் ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள் அந்தத் தொடை தேறி, அந்தக் கால் எகிறி இறங்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. கணுக்காலில் மணல்பையைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் காலைத் தூக்கி இறக்கிப் பல்லைக் கடிக்கிறாள்.

போன ஞாயிறு நம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் அவளைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தார்கள். நீதான் அனுப்பினாய் என்றார்கள். ஒவ்வொருவராகத் தழும்பை அழுத்திப் பார்த்தார்கள். செருப்பைத் தொட்ட கையோடு. ஒரு அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “வேற யாரோ செத்தவங்க முட்டியத்தான் வெச்சிருக்காங்களாமே, பொம்பளையோடதா ஆம்பளையோடதா?” என்று கேட்டாள். இன்னொருவர் எலும்புக் கட்டு வைத்தியர் குப்புசாமியின் எண்ணெயைக் கொண்டுவந்து நான் தடுப்பதற்குள் தேய்த்தும் விட்டார். அந்த எண்ணெயின் நாற்றம் மெத்தையிலிருந்து இன்னும் போகவில்லை. தேவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபின் முட்டியைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள்.

குமாரவேல் வேறொன்றும் சொன்னார். தேவி தீ மிதிப்பதாக நீ வேண்டிக்கொண்டிருக்கிறாயாம். அது பொய் என்று எழுது.

அமுதவல்லி


23.4.2025

தங்கச்சி அமுதாவுக்கு அண்ணன் பரசுராமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் பிரித்த உடனே கை எரிந்தது. நல்லா இருக்கியா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

ஸ்பீக்கர் விஷயம் தப்புதான். கையில் விபூதி இருந்தது, காதில் வைத்துப் பிடிக்க முடியவில்லை. நீ அப்படிக் கத்துவாய் என்று நான் கண்டேனா?

வேன் அனுப்பியதும் நான்தான். புள்ளைக்கு ஊர் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா. நீ அவளைச் சுவருக்குள் பூட்டி வைத்திருக்கிறாய்.

வேண்டுதல் பொய் இல்லை. தியேட்டருக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது நீ டாக்டரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். எனக்குப் பேச யார் இருந்தார்கள்? கண்ணாடிக் கதவில் தலையை முட்டிக்கொண்டு, திரௌபதியம்மா, என் புள்ள நடந்து வந்தா அந்தக் காலாலேயே உன் பூ மிதிப்பா என்று சொல்லிவிட்டேன். நடந்து வந்துவிட்டாள். நீயே எழுதியிருக்கிறாய், ஊன்றுகோலை விட்டுவிட்டாள் என்று. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டது.

மே எட்டு காப்பு. இருபத்தைந்து ஞாயிறு தீமிதி. இந்த வருஷம் விழாக்குழுத் தலைவர் நான். யோசித்துப் பார்.

உன் அண்ணி உனக்கு மாங்காய் கொடுத்தனுப்பி இருக்கிறாள். சண்டைக்கும் மாங்காய்க்கும் சம்பந்தமில்லை.

பரசுராமன்


காஞ்சிபுரம்
28.4.2025

அண்ணாவுக்கு,

மாங்காய் வந்தது. நன்றாக இருந்தது. அண்ணியிடம் சொல்.

நேற்று ஐயம்பேட்டை வரை ஒரு வேலையாகப் போனேன். பஸ் நிறுத்தத்தில் உன் பேனரைப் பார்த்தேன். நீ கை கூப்பிக்கொண்டு நிற்கிறாய், அம்மன் பின்னால் இருக்கிறாள், நடுவில் தேவி. காலேஜ் ஜெர்சியில் எகிறிப் பந்தை அடிக்கும் படத்தை எடுத்து, கழுத்துக்குக் கீழே வெட்டி, யாரோ ஒருத்தியின் மஞ்சள் புடவை உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். ‘அம்மன் அருளால் கால் பெற்ற வீராங்கனை தீ மிதிக்கிறார்.’ கீழே வரிசையாகப் பதினோரு ஆண்களின் மீசை. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இந்தப் பொண்ணுக்கு கால் இல்லாம இருந்துச்சாம், முளைச்சிருக்குதாம்” என்றார். டீக்கடை ஓரமாகப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அவள் வரமாட்டாள். உன் அம்மனிடம் எனக்குச் சண்டை இல்லை. அவளுக்கு முட்டியைப் பற்றித் தெரியாது, உனக்கும் தெரியாது. உடைந்த எலும்பு சேரும். கிழிந்த தோல் மூடும். குருத்தெலும்பு தானாக ஆறாது. இது போனால் இன்னொன்று வைக்க இடமில்லை. உங்கள் பஞ்சாங்கத்துக்கு அது வளராது.

வேண்டிக்கொண்டவன் நீ. அவ்வளவு நன்றி இருந்தால் நீயே மிதி.

அமுதவல்லி


9.5.2025

அமுதாவுக்கு,

நேற்று காப்பு கட்டியாகிவிட்டது. இனி தருமர் பட்டாபிஷேகம் முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் நேரே வந்து உன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

நீயே மிதி என்று சுலபமாக எழுதிவிட்டாய். நான் மிதிக்கத் தயார். பூசாரியைக் கேட்டேன். “எந்தக் கால் நல்லாவணும்னு கேட்டியோ அந்தக் கால்தான் மிதிக்கணும், உன் கால் எதுக்கு அம்மனுக்கு?” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு என் காலைச் சொல்லியிருக்கலாம். வாயில் அவள் கால்தான் வந்தது.

காப்பு கட்டும்போது மைக்கில் பேர் வாசித்தார்கள். தேவி பேரை வாசித்ததும் கோவிந்தா என்று ஊரே கத்தியது. ராமராஜன் எனக்கு எதிரே நின்று, “பொண்ணு வருமா தலைவரே, இல்ல பேனர் மட்டும்தான் மிதிக்குமா?” என்று கேட்டான். எல்லாரும் கேட்டார்கள். எனக்கு அவமானம் போகட்டும். உன் அண்ணி செல்லியம்மாளை நினைத்துப் பார். நாளைக்கு ஊரில் ஒரு மாடு செத்தாலும் செல்லியம்மாள் வீட்டு வேண்டுதல் பாக்கி என்றுதான் சொல்வார்கள். அவள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள்.

நெருப்பைப் பற்றிப் பயப்படாதே. விரதம் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியே ஆனாலும் ரெண்டு கொப்புளம்தான். மஞ்சள் வைத்தால் மறுநாள் வயலில் நிற்கிறார்கள்.

முட்டிக்கு என்ன வேண்டும், என்ன கூடாது என்று நீ எழுது. டாக்டர் சொல்வதைவிட ஒரு மடங்கு அதிகமாகவே செய்கிறேன். தலைவன் சொன்னால் குழு கேட்கும். புள்ளையையும் ஒரு வார்த்தை கேள். அவள் எனக்கும் மகள்தான்.

பரசுராமன்


காஞ்சிபுரம்
15.5.2025

அண்ணாவுக்கு,

கேட்டேன். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். “போறேன் அத்தை” என்றாள். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல. எங்கம்மா ஒரு வேளைதான் சாப்புடுதுன்னு எழுதியிருக்காரே. அது நிஜம். நான் போகலன்னா அந்த ஊர்ல எங்கம்மாவத்தான் கடிச்சித் துப்புவாங்க, எங்கப்பாவ இல்ல.”

“முட்டி?”

“முட்டி என்னோடது அத்தை. நீங்களும் அப்பாவும் லெட்டர்லயே அத இழுத்துக்கினு கிடக்கிறீங்க. டாக்டர் எது கூடாதுன்னாரோ அது வேணாம். மத்தது நான் பாத்துக்குறேன்.”

நேற்று சீனிவாசனிடம் கேட்டேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நம் பக்கத்து வழக்கமெல்லாம் தெரியாதவர். தீ மிதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவளின் வீட்டில் இதுவா என்று அவர் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடிந்திராது. கோவில் திருவிழா, மண்தரையில் இருபது அடி வெறுங்காலில் நடக்கலாமா என்று மட்டும் கேட்டேன். சமமாக இருந்தால் தாராளமாக நடக்கலாம், ஓடக் கூடாது, யாரும் இடிக்கக் கூடாது என்றார்.

ஆகவே இவைதான் என் நிபந்தனைகள். ஒன்று குறைந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அவளைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது. யார் காலிலும் விழச் சொல்லக் கூடாது. குளத்துப் படி வேண்டாம், குடத்துத் தண்ணீரை நின்றபடி ஊற்றிக்கொள்வாள். கரகம் தரக் கூடாது. கூட்டத்தோடு அனுப்பக் கூடாது, தனியாகத்தான் போவாள். குழியின் தரையைச் சமமாக்கி வை.

ஓடக் கூடாது. நடந்துதான் வருவாள். அவசரப்படுத்துகிற ஒருவனும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதை இரண்டு முறை படி.

கொப்புளத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தோல் ஆறும்.

நான் இதுவரை அந்தக் குழிப் பக்கம் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களிலும் அன்று மட்டும் வயிற்று வலி என்று வீட்டில் இருந்துவிடுவேன். அந்தக் கூச்சலும், வேர்வையும், எரிந்த மயிரின் வாடையும் எனக்கு ஆகாது. அவளுக்காக வருகிறேன். ஓரமாக நிற்பேன். என்னைப் பெயர் சொல்லி மைக்கில் கூப்பிட்டால் அங்கேயே உன்னோடு முடிந்தது.

அமுதவல்லி


18.5.2025

அமுதாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். அழுதாள், பிறகு இரண்டு வேளை சாப்பிட்டாள்.

எல்லாவற்றுக்கும் சம்மதம். குழியில் ஒரு கல் இல்லாமல் சலித்த மண் போடச் சொல்லிவிட்டேன். தனியாகத்தான் விடுவேன், கடைசியில். வரதராஜன், “ஓடாம எப்படிபா?” என்று இழுத்தான். டாக்டர் சொன்னா டாக்டர் சொன்னதுதான், நீ படிச்சியா என்று வாயை அடைத்துவிட்டேன். அவளுக்கு முன்னால் தணலை மூங்கிலால் வாரி மெல்லிசாகப் பரப்பச் சொல்லியிருக்கிறேன்.

இதில் என் தங்கச்சி எழுதிய ஒரு வார்த்தையும் தப்பாது. இது அண்ணன் வாக்கு.

பரசுராமன்


காஞ்சிபுரம், ஆஸ்பத்திரி
25.5.2025

அண்ணாவுக்கு,

நாளை வரை நீ எல்லை தாண்ட முடியாது என்று குமாரவேலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், தூங்குகிறாள்.

நீ வாக்குத் தவறவில்லை. பள்ளிக்கூட மதிலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாய். ஒருவர் காலிலும் அவள் விழவில்லை. குடத்துத் தண்ணீரை அண்ணி ஊற்றினாள்.

முதலில் கரகத்தோடு பூசாரி இறங்கினார். பிறகு காப்பு கட்டியவர்கள் ஒவ்வொருவராக. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். எழுபது வயதுக்குக் குறையாத ஒரு அம்மாள். எல்லோரும் ஓடினார்கள். ஒருவர்கூட நடக்கவில்லை. ஒரு கால் பட்டதும் மறு கால், அது பட்டதா இல்லையா என்பதற்குள் தணல் முடிகிற இடத்துப் பால் குழியில் நின்றார்கள். பத்துப் பேர் போன பிறகுதான் அந்த ஓட்டம்தான் அவர்கள் காலைக் காப்பாற்றுகிறது என்று எனக்குப் புரிந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு உன்னிடம் வரப் பார்த்தேன். விடவில்லை. வேர்த்த முதுகுகளில் முகம் ஒட்டி மூச்சு முட்டியது.

உன் குரல் மைக்கில் கேட்டது. “யாரும் தள்ளாதீங்கபா! புள்ளைக்கு கால்ல ஆபரேஷன் ஆயிருக்குது! ஓட வெக்காதீங்க! மெதுவா வாம்மா, மெதுவா, மெதுவா!”

மெதுவாகத்தான் வந்தாள். சீனிவாசன் கற்றுக்கொடுத்தபடி வந்தாள். குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு விரல். முட்டி மடங்கி நிமிர்கிறதா என்று ஒவ்வொரு அடியிலும் பார்த்து. நேராக முன்னால் பார்த்தபடி. அண்ணி கரையோடு ஓடிக்கொண்டு, “ஓடுடி தேவி! ஓடு!” என்று கத்தியதை நீ கேட்டாயா? நானும் கத்தினேன். கோவிந்தாவில் யாருக்கும் கேட்கவில்லை. தணலை மெல்லிசாக வாரியதாக எழுதியிருந்தாய். வாரினார்கள், பார்த்தேன். அவள் கால் வைத்த இடமெல்லாம் சிவந்துதான் இருந்தது.

பால் குழியைத் தாண்டி, அண்ணியின் கையைப் பிடித்த பிறகுதான் விழுந்தாள். அதிலும் முட்டி தரையில் படாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அடுத்து நடந்ததை நீ மைக் பிடித்திருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். தோல் உரிந்து தொங்கிய பாதத்தில் அரைத்த மஞ்சளை அப்பினார்கள். நான் ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டேன், அடித்தேன் என்றே சொல்லலாம். அவர்கள் அந்தப் பாதத்தைத் தொட்டு, விரலில் ஒட்டி வந்ததைக் குழந்தைகளின் நெற்றியில் வைத்தார்கள். மஞ்சள் மட்டும் இல்லை அது. நடந்தே வந்தவளாம், இந்த ஊரில் யாரும் செய்யாததாம். என் முன்னாலேயே ஒரு குழந்தை நெற்றியைத் துடைத்து விரலை வாயில் வைத்துக்கொண்டது.

ஆட்டோவில் அண்ணியும் கூட வர, தேவி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஐயம்பேட்டை தாண்டும்போது கண்ணைத் திறந்து, “உங்க கண்டிஷன்ல ஒண்ணு கூட நான் மீறல அத்தை” என்றாள். குத்திக் காட்டுகிறாளா, சமாதானம் சொல்கிறாளா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முட்டி போய்விட்டது என்பார்கள். அவள் உன் முகத்தில் விழிக்க மாட்டாள். நான் அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போய் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். நீ மாலையோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாய், உன்னை நான் உள்ளே விட மாட்டேன்.


26.5.2025

நடந்தது இது.

காலையில் டாக்டர் வந்து மஞ்சளைக் கழுவி எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பாதத்திலும் தோல் வைக்க வேண்டும், இரண்டு மாதமாவது காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்.

அடுத்து சீனிவாசன் வந்தார். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். வீக்கம் இல்லை, நீர் கோக்கவில்லை, முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பிறகு பாதத்துக் கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“நெருப்பா? மண்தரைன்னுதானே மேடம் எங்கிட்ட சொன்னீங்க?”

தேவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மண்தரை என்றபோது என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் என்ன ஆகும் என்று அவளே அவரிடம் கேட்டாள். காலை ஊன்றாமல் இரண்டு மாதம் இருந்தால் தொடை ஜனவரியில் இருந்த இடத்துக்குப் போய்விடும் என்றார். நவம்பர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவள் ஃபோனை எடுத்து, எங்கள் முன்னாலேயே கோச்சைக் கூப்பிட்டு, பேரை எடுத்துவிடுங்கள் சார் என்றாள். காரணம் சொல்லவில்லை.

என்னைக் காபி வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தபோது வாசலில் நர்ஸ் நின்றிருந்தார். “நீங்க அத்தையா? கொஞ்சம் வெளிய இருங்கம்மா. அம்மா மட்டும் போதும்னு அந்தப் பொண்ணு சொல்லுது.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மதியம் குமாரவேல் விழாக்குழு அனுப்பிய மாலையையும் சால்வையையும் கொண்டு வந்தார். உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அதை அப்படியே கொண்டுவந்து பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அண்ணி வெளியே வந்தாள். உட்காரவில்லை. “நீங்க வூட்டுக்குப் போங்க அமுதா. அவரையும் வர வேணாம்னு எழுதிடுங்க. அவளே கூப்புடுற வரைக்கும் ரெண்டு பேருமே வர வேணாமாம்” என்றாள்.

எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அமுதவல்லி